குவாரிக்குப் போகும் வெடிமருந்து: சாலையில் விதி என்ன கேட்கிறது

பாறை உடைக்கிற இடத்தில் எல்லோரும் 'ஜெலட்டின் குச்சி' என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் நைட்ரோகிளிசரின் சேர்ந்த பழைய சரக்கு வழக்கொழிந்து பல வருடம் ஆகிவிட்டது. இப்போது வருவது ஸ்லரி அல்லது எமல்ஷன் என்கிற, நீர் கலந்த வெடிமருந்தை உறையில் அடைத்த தோட்டா. பழையதைப் போல லேசில் வெடிக்காது, அதைக் கிளப்பக் கேப் வேண்டும். கேப் என்கிற டெட்டனேட்டர் விரல் நீளத்து உலோகக் குழாய். உள்ளே லெட் அசைடு போன்ற, சூடு, அடி, உரசல், நிலைமின்சாரம் எதையும் தாங்காத மருந்து இருக்கிறது. கேப் பக்கத்தில் வெடித்தால் தோட்டாவும் வெடிக்கும், அதற்காகவே செய்யப்பட்டது அது. 1961-ஆம் வருட உலோகச் சுரங்க ஒழுங்குமுறைகள் கல்குவாரிக்கும் பொருந்தும். கேப்பையும் தோட்டாவையும் ஒரே நேரத்தில் ஒரே வண்டியில் ஏற்றக்கூடாது என்று அவை சொல்வது இதனால்தான்.

மின் டெட்டனேட்டருக்கு 2025 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்கத் தடை. பழைய இருப்பு எங்காவது கிடந்தால் அதை நீங்களே வண்டியில் ஏற்றி அகற்றப் பார்க்காதீர்கள். உரிமம் தந்த அலுவலகத்துக்கும் காவல் நிலையத்துக்கும் எழுதிக் கொடுங்கள்.

சாலைப் போக்குவரத்தை ஆள்வது வெடிபொருள் விதிகள், 2008. அமல்படுத்துவது நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெசோ, அதாவது மத்திய அரசின் பெட்ரோலியம், வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு. காகிதத்தில் நாலு விஷயம் பார்க்க வேண்டும். வண்டிக்கே தனி உரிமம் வேண்டும், அது எல்.இ.-7 படிவம். வாங்குகிறவருக்கு எல்.இ.-3-இல் கிடங்கு உரிமம் இருக்க வேண்டும். அவர் தருகிற கொள்முதல் கோரிக்கை ஆர்.இ.-11. சரக்கோடு கூடவே வரும் பாஸ் ஆர்.இ.-12. எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்துக்குச் சரக்கு ஆரல்வாய்மொழி வழியாக வந்தாலும் களியக்காவிளை வழியாக வந்தாலும், நிறுத்திக் கேட்டால் முதலில் காட்ட வேண்டியது இந்தப் பாஸ்தான்.

சரக்கை இறக்கிக்கொள்ளும்போது பாஸைக் கையில் வைத்து எண்ணுங்கள். 125 கிராம் தோட்டா என்றால் 25 கிலோ பெட்டிக்கு 200. பாஸில் 8 பெட்டி, 200 கிலோ என்றிருந்தால் கையெழுத்துக்கு முன்னால் எட்டையும் தொட்டு எண்ண வேண்டும். பட்டை அறுந்திருக்கிறதா, மூலை நசுங்கியிருக்கிறதா, அடிப்பக்கம் ஈரமாக இருக்கிறதா என்று பாருங்கள். அடியில் ஈரம் என்றால் உள்ளே உறை கிழிந்து மருந்து கசிந்திருக்கலாம். அந்தப் பெட்டியைத் தனியே வையுங்கள், வண்டியிலேயே பிரித்துப் பார்க்க வேண்டாம். வழியில் வண்டி பழுதானாலும் இதே கண்டிப்புதான்: உரிமமில்லாத லாரிக்குச் சரக்கை மாற்றினால் அந்த லாரியில் போவது முழுக்கச் சட்டவிரோதச் சுமை.

ஓட்டுநரின் லைசென்ஸில் அபாயகரமான சரக்கு ஓட்டும் ஒப்புதல் பதிவாகியிருக்க வேண்டும். அது செல்லும் காலம் 3 ஆண்டு. 18 வயது நிரம்பாதவரையும் குடித்தவரையும் வெடிமருந்து வேலையில் வைக்கவே கூடாது. சரக்கின் ஆபத்தும் விபத்தில் செய்ய வேண்டியதும் எழுதிய டிரெம் கார்டு கேபினில் இருக்க வேண்டும். அதை ஓட்டுநருக்குப் புரிகிற மொழியில் கொடுங்கள். தமிழ் மட்டும் படிக்கிறவருக்கு ஆங்கில அட்டையால் எந்தப் பயனும் இல்லை.

உரிமம் பெற்ற வேன் கிடங்கு வரை பெரும்பாலும் ஒழுங்காகவே வந்துவிடும். எங்கள் கவலை கிடங்கிலிருந்து பாறை வரையிலான கடைசி இரண்டு, மூன்று கிலோமீட்டரைப் பற்றியது. ரப்பர் தோட்டத்துக்குள் போகும் மண் சாலை, ஏற்றம், வளைவு. 'பக்கத்தில்தானே' என்று சாக்கில் கட்டி ஸ்கூட்டரின் முன்னால் வைப்பதும், கேப்பைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வதும் இந்தத் தூரத்தில்தான். 1961 ஒழுங்குமுறைகளோ இங்கேதான் விரிவாகப் பேசுகின்றன. வண்டியின் நான்கு பக்கமும் 'வெடிபொருள்' என்று 15 சென்டிமீட்டர் உயரச் சிவப்பு எழுத்து. வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் கூடாது. இரண்டு தீயணைப்பான்கள். ஓட்டுநரும் உதவியாளரும் தவிர வேறு ஆள் ஏறக்கூடாது. 24 மணி நேரத்துக்கு ஒருமுறை எரிபொருள் கசிவு, மின்வயர், பிரேக், ஸ்டீயரிங் சோதனை. தோட்டாவை ஆள் சுமந்து போனால் பூட்டிய பெட்டியில். ஒரு பெட்டியில் 5 கிலோவுக்கு மேல் கூடாது, ஒருவர் ஒரு பெட்டிதான் எடுக்கலாம். கேப்புக்குத் தனிப் பெட்டி.

இரண்டு பருவமழையும் கிடைக்கிற மாவட்டம் இது. ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் மதியத்துக்கு மேல் இடி இறங்கும். இடி கேட்டால் ஏற்றுவதையும் இறக்குவதையும் உடனே நிறுத்துங்கள்; பெட்டியை மூடிவிட்டு ஆட்கள் விலக வேண்டும். சூரியன் மறைந்த பிறகு ஏற்றி இறக்குவதற்கும் தடை இருக்கிறது. ஆகவே காலையிலேயே முடிக்கும்படி திட்டமிடுங்கள். தக்கலை, மார்த்தாண்டம் சந்தை நெரிசலிலும் மாட்டாமல் தப்பலாம்.

இறக்கத்தில் பிரேக் சூடேறி டயர் புகைந்தால், ஆரம்பத்திலேயே தீயணைப்பானால் அணைக்கலாம். தீ சரக்குப் பெட்டியைத் தொட்டுவிட்டால் அணைக்க முயலாதீர்கள். குறைந்தது 1,600 மீட்டருக்கு ஆட்களை விலக்கி, 112-க்கும் 101-க்கும் சொல்லுங்கள். சொல்லும்போது 'வெடிமருந்து வண்டி' என்று முதல் வார்த்தையிலேயே சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் தீயணைப்பு வீரர்கள் சாதாரண லாரித் தீ என்று நினைத்துக் கிட்டே வந்துவிடுவார்கள்.

வேலை முடிந்ததும் மீந்த தோட்டாவும் கேப்பும், வந்தது போலவே தனித்தனியாக, அன்றைக்கே கிடங்குக்குத் திரும்ப வேண்டும். கொட்டகையில் ஓர் இரவுகூட வைக்கக்கூடாது. எடுத்தது, வெடித்தது, திரும்பியது மூன்றும் பதிவேட்டில் ஒத்துப்போக வேண்டும். ஒரு கேப் குறைந்தாலும் உடனே காவல் நிலையத்துக்கும் உரிமம் தந்த அலுவலகத்துக்கும் தெரிவியுங்கள். மறைத்து வைத்து, பிறகு அது வேறொருவர் கையில் அகப்பட்டால் 1908-ஆம் வருட வெடிபொருட்கள் சட்டத்தின் கீழ் விசாரணை உங்கள் பதிவேட்டிலிருந்தே தொடங்கும்.