வேலூர் வெயிலிலும் சில்லிட்டுப்போகும் குறைமாதக் குழந்தை

கத்திரி வெயிலில் வேலூர் 40 டிகிரியைத் தாண்டும். அந்த நாளிலும் குறைமாதக் குழந்தையின் உடல் 36.5 டிகிரிக்குக் கீழே இறங்கிவிடும். காரணம், தோலில் இருக்கும் பனிக்குட நீரும் அதன்மேல் படும் ஃபேன், ஏசி காற்றும்தான்.

1 கிலோ குழந்தையின் உடம்புச் சூட்டை எடுத்துக்கொண்டு வெறும் ஒன்றரை மில்லி நீர் ஆவியானாலே வெப்பநிலை ஏறக்குறைய 1 டிகிரி இறங்கும். பச்சிளம் குழந்தைக்கு நடுங்கிச் சூடேற்றிக்கொள்ளத் தெரியாது. தோள்பட்டைகளுக்கு நடுவிலும் சிறுநீரகங்களைச் சுற்றியும் உள்ள பழுப்புக் கொழுப்பை எரித்துத்தான் சூடு உண்டாக்கும். அந்தக் கொழுப்பு கடைசி மூன்று மாதங்களில்தான் சேரும். முன்பே பிறந்துவிட்டால் கையிருப்பு சொற்பம். எரிக்க ஆக்சிஜனும் சர்க்கரையும் வேண்டும். அதனால் ரத்தச் சர்க்கரை இறங்கும், மூச்சு வாங்கும், குழந்தை சோர்ந்து பால் குடிக்காது. பால் இறங்காவிட்டால் சூடு இன்னும் குறையும்.

பிரசவ அறை 25 டிகிரிக்குக் குறையக் கூடாது. ஃபேனை நிறுத்த வேண்டும். 32 வாரத்துக்கு முன் பிறந்தால், உடம்பைத் துடைக்காமலே கழுத்துவரை சுத்தமான பாலித்தீன் பையில் வைத்து, தலையை மட்டும் துடைத்துத் தொப்பி போட்டு, மேலிருந்து சூடு வீசும் வார்மர் கருவியின் கீழ் கிடத்துவார்கள். பை ஈரத்தை ஆவியாக விடாது. வார்மரின் வெப்பத்தை மட்டும் உள்ளே விடும். பைக்கு மேல் துண்டைப் போர்த்தினால் அந்த வெப்பமும் நின்றுபோகும். சூட்டை அளக்கத் தோலில் ஒட்டிய சென்சார் கழன்றாலோ, குழந்தை குளிர்ந்திருப்பதாக நினைத்து வார்மர் அளவுக்கு மீறிச் சுடவைக்கும். 37.5 டிகிரியைத் தாண்டுவதும் ஆபத்தே.

குழந்தையின் நிலை ஆபத்தாக இல்லையென்றால், பிறந்த பின் முடிந்தவரை சீக்கிரம் தொடங்கும் கங்காரு முறைக்கு இணையில்லை. டயபர், தொப்பி, சாக்ஸ் மட்டும் போட்டு, தாயின் மார்பில் நிமிர்த்தி, முகத்தை ஒரு பக்கம் திருப்பி, துணியால் கட்ட வேண்டும். நாளுக்கு 8 மணி நேரமாவது வேண்டும், கூடக்கூட நல்லது. அப்பாவோ பாட்டியோ மாற்றிப் பிடிக்கலாம். ஜவ்வாது மலையிலிருந்து ஆம்புலன்சில் இறங்கும்போதும், கூட வரும் தாயோ உறவினரோ இப்படியே கட்டிக்கொண்டு வரலாம்.

எண்ணெய்க் குளியல் இப்போது வேண்டாம். மருத்துவர் சொல்லும்வரை பொறுங்கள். வெந்நீர் பாட்டிலை அருகில் வைக்கவே கூடாது, மெல்லிய தோல் வெந்துவிடும். புறங்கையால் தொட்டுப் பாருங்கள்: வயிறு வெதுவெதுப்பாகவும் பாதம் ஜில்லென்றும் இருந்தால் உடனே மார்போடு சேர்த்துக் கட்டிப் பாலூட்டுங்கள். இரண்டும் ஜில்லென்றிருந்தாலோ, பால் சப்பாமல் துவண்டு கிடந்தாலோ, மார்போடு கட்டியபடியே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.