எத்தனை பக்கம் ஆச்சு?

எங்கள் படிப்புக் குழுவில் ஐந்து பேர், எல்லாரும் ஆன்லைனில் பட்டப்படிப்பு படிக்கிறோம். ஒருவர் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறைக்காரர். இன்னொருவர் ஏற்காட்டில் காப்பித் தோட்டத்தில் கணக்கு எழுதுகிறார். மழை வந்தால் அவருக்கு சிக்னல் போய்விடும். "இந்த ஞாயிறு ரெண்டு யூனிட் முடிச்சிடறேன்" என்று யாராவது எழுதினால், மற்ற நாலு பேரும் கட்டைவிரலை உயர்த்துவோம். ஞாயிறு தட்டுவடை செட்டோடு போய்விடும்.

இப்படிப் படிப்பைத் தள்ளிப்போடுவதைச் சோம்பல் என்று திட்டிக்கொள்வதில் பயனில்லை. சோம்பேறி நிம்மதியாகப் படுத்திருப்பான். தள்ளிப்போடுகிறவர் அந்த நேரத்தில் அலமாரியைத் துடைப்பார், சார்ஜர் வயரைச் சுருட்டி வைப்பார். உள்ளே உறுத்திக்கொண்டேதான் இருக்கும். ஃபியூஷா சிர்வா, டிமத்தி பிச்சில் என்ற உளவியலாளர்கள் 2013-ல் இதற்கு ஒரு விளக்கம் தந்தார்கள்: தள்ளிப்போடுவது அப்போதைக்கு மனநிலையைச் சரிசெய்துகொள்ளும் வழி. புள்ளியியல் பாடத்தைத் திறந்ததும் 'நமக்கு இது வராது' என்று ஒரு சங்கடம் எழுகிறது. மூடிவைத்ததும் அது அடங்குகிறது. அந்த நிம்மதிதான் கூலி, அதுவும் கைமேல் கூலி. கூலி கொடுத்த வேலையை மூளை மறுபடி செய்யும். மதிப்பெண் என்ற கூலியோ மூன்று மாதம் தள்ளி நிற்கிறது. சேர்வராயன் மலை 1,600 மீட்டருக்கு மேல் உயரம். ஆனாலும் சேலத்தில் ஒரு இரண்டு மாடி வீட்டுச் சுவரை ஒட்டி நின்றால் மறைந்துவிடும். காலமும் அப்படித்தான், கிட்டே இருப்பதைப் பெரிதாக்கிக் காட்டும்.

நேரில் போகும் கல்லூரியில் வருகைப்பதிவு, பக்கத்து பெஞ்ச் எல்லாம் சேர்ந்து படிப்பைக் கொஞ்சம் கிட்டே இழுத்து வைக்கும். நமக்கு அது இல்லை. அந்த இடத்தைக் குழுப் பேச்சு நிரப்பலாம். ஆனால் எதைப் பேசுகிறோம் என்பதில்தான் விஷயம்.

உளவியலாளர் பீட்டர் கோல்விட்சரும் சகாக்களும் 2009-ல் வெளியிட்ட சோதனைகளைப் படித்தபோது எங்கள் கட்டைவிரல்கள்தான் நினைவுக்கு வந்தன. சட்ட மாணவர்கள் தங்கள் படிப்பு நோக்கத்தை எழுதினார்கள். அதை இன்னொருவர் படித்து ஏற்றுக்கொண்டதாக அறிந்தவர்கள், யாரும் படிக்காதவர்களைவிட, பிறகு கொடுத்த வேலையில் குறைவான நேரமே செலவிட்டார்கள். சொன்னதே பாதி செய்த மாதிரி ஆகிவிடுகிறது போல! சரி, சிறிய சோதனைகள்தான். வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. 2016-ல் 138 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த வேலை இன்னும் கனமானது: எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று கவனித்துக்கொண்டே இருப்பது இலக்கை எட்ட உதவுகிறது, அதைப் பிறர் அறியச் சொன்னாலோ எழுதி வைத்தாலோ பலன் கூடுகிறது. ஆக, செய்யப்போவதை அறிவிப்பதைவிட செய்ததைச் சொல்வது மேல்.

செய்யப்போவதைச் சொல்லியே ஆகவேண்டும் என்றால், எப்போது, எங்கே என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். இதுவும் கோல்விட்சர் நெடுங்காலம் ஆராய்ந்ததுதான். 'இரவு சாப்பிட்டுத் தட்டு கழுவியதும் மூன்றாம் பாடம்' என்று முடிவு செய்துவிட்டால், தட்டு கழுவுவதே நினைவூட்டும் மணியாகிறது. அந்த நேரத்தில் மனசோடு பேரம் பேச வேண்டியதில்லை.

அப்புறம், ஒரு வாரம் காணாமல் போனவரை "எங்க போனீங்க?" என்று குத்திக் கேட்பதை நாங்கள் விட்டுவிட்டோம். கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மாணவர்களிடம் நடத்திய ஆய்வு 2010-ல் வந்தது. முதல் தேர்வுக்குத் தள்ளிப்போட்டதற்காகத் தங்களை மன்னித்துக்கொண்டவர்கள், அடுத்த தேர்வுக்குக் குறைவாகவே தள்ளிப்போட்டார்கள். சங்கடம்தானே ஓடவைக்கிறது? அதைக் கூட்டினால் ஆள் இன்னும் தூரம் ஓடுவார்.

இப்போது குழுவில் ஒரே கேள்விதான்: "எத்தனை பக்கம் ஆச்சு?" போன வாரம் ஏற்காட்டுக்காரர் எழுதினார்: "இன்னிக்கு 0. மழை. நாளைக்குக் காலைல காப்பி குடிச்சதும் 41-ஆம் பக்கம்." யாரும் கட்டைவிரல் போடவில்லை. மறுநாள் ஏழரைக்கு வந்தது: "41, 42, 43. பாதிதான் புரிஞ்சுது."