ஆட்டுக்கு எண்ணெய் ஊத்துறதுக்கு முன்னாடி தவிட்டை ஒருதடவ மோந்து பாருங்க

சம்பா அறுப்பு நடந்துட்டு இருந்த நேரம், நீடாமங்கலம் பக்கத்துலேர்ந்து ஒரு அக்கா தலைச்சேரி ஆட்டை ஆட்டோவுல ஏத்திக்கிட்டு வந்தாங்க. "டாக்டரம்மா, ரெண்டு நாளா தீனியே தொடமாட்டேங்குது, பால்ல வேற ஒரு சிக்கு வாடை, பேரன் வாயில வச்சதும் துப்புறான்." புழுக்கை உதிரியா விழாம ஒட்டிக்கிட்டு கட்டியா இருந்துச்சு, மேல மினுமினுன்னு. இடது விலாப் பள்ளத்துல கைய வச்சா வயிறு அசையவே இல்ல. என்ன குடுத்தீங்கன்னா ஒன்னும் இல்லன்னாங்க, அப்புறம் மெதுவா, வடை சுட்ட எண்ணெய் சும்மா கிடைச்சுது, பால்ல கொழுப்பு ஏறும்னு யூடியூப்ல சொன்னாங்க, அதான் தினம் தவிட்டுல ஒரு கரண்டி ஊத்துனேன்னாங்க. கரண்டின்னா குழம்புக் கரண்டி.

யூடியூப்ல சொன்னது முழுப் பொய்யும் இல்ல, அதான் சிக்கல். மாட்டுக்கு எண்ணெய் கூடுதலா போனா பல நேரம் பால் கொழுப்பு இறங்கிடும், ஆட்டுக்கு பெரும்பாலும் ஏறத்தான் செய்யும். சூரியகாந்தி, சோயா, ஆளிவிதை எண்ணெய்ய அளவா சேர்த்தா கொழுப்போட குணமே கொஞ்சம் மாறும், ஆட்டுப்பாலோட அந்த வாடையில பங்கு இருக்கிற கேப்ராயிக், கேப்ரிலிக், கேப்ரிக் அமிலங்கள்ல சிலது குறையும் (பேரே ஆட்டுக்கான லத்தீன் சொல்லுலேர்ந்து வந்ததுதான்), சிஎல்ஏன்னு சொல்ற நல்ல கொழுப்பு கூடும். ஆனா பால் லிட்டர் கணக்குல பெருசா ஏறாது, அத எதிர்பார்த்து ஊத்துறவங்கதான் ஜாஸ்தி.

அளவுன்னா எவ்வளவு? மொத்த உலர் தீவனத்துல கொழுப்பு 5 சதவீதத்துக்குள்ள இருக்கணும், அதுக்கு மேல போனா முதல் வயித்துல நாரை செரிக்கிற நுண்ணுயிர் அடிவாங்கும், தின்ன தழை மேல எண்ணெய் படிஞ்சா அந்த நுண்ணுயிரால ஒட்டிக் கடிக்கவும் முடியாது. இப்ப கணக்கு பாருங்க. 30 கிலோ கறவை ஆடு நாளைக்கு சுமாரா 1.1 கிலோ உலர் தீவனம் எடுக்கும், அதுல 5 சதவீதம்னா 55 கிராம். நல்ல மில் தவிடு 200 கிராம் வச்சா அதுலயே 30 கிராம் எண்ணெய், செக்குப் புண்ணாக்கு 100 கிராம்ல ஒரு 7 கிராம், மீதி 800 கிராம் தழை, உளுத்தங்கொடின்னு போனா அதுல ஒரு 16 கிராம். கூட்டுனா 53! நம்ம டெல்டா ஆடு ஏற்கனவே எண்ணெய் குடிச்சிட்டுதான் இருக்கு, நாமதான் பாட்டில்ல இருந்தாத்தான் எண்ணெய்னு நினைக்கிறோம். அந்த அக்கா ஊத்துனது இதுக்கு மேல, அதுவும் திரும்பத் திரும்ப காய்ஞ்சு கெட்ட எண்ணெய். (மிச்சத்த என்ன பண்றதுன்னு கேட்டாங்க. வண்டிச் செயினுக்குப் போடுங்கன்னேன்.)

இன்னொன்னு யாரும் சொல்றதில்ல. பச்சரிசித் தவிடு அரைச்ச சில மணி நேரத்துலயே கெட ஆரம்பிக்கும், அதுலயே இருக்கிற லைப்பேஸ் என்சைம் எண்ணெய்ய உடைச்சிடும், நம்ம ஊர் ஐப்பசி கார்த்திகை ஈரத்துல இன்னும் வேகமா. புழுங்கல் தவிட்டுல அவிக்கும்போதே அந்த என்சைம் செத்துடுது, அதனால தாங்கும், ஆனா எண்ணெய்யும் அதுல கூட, அதனால 200 கிராம்ங்கிறத 150 ஆக்கிக்கோங்க. பச்சரிசித் தவிடுன்னா மாசத்துக்கு ஒரு மூட்டைன்னு வாங்காம நாலு நாளைக்கு எவ்வளவோ அவ்வளவு மட்டும் வாங்குங்க. ஒரு பிடி எடுத்து கையில தேய்ச்சு மோந்தா பழைய சோப்பு மாதிரி வாடை வந்தா ஆட்டுக்கு வைக்காதீங்க.

பூசணம் புடிச்ச கடலைப் புண்ணாக்கு பத்தி ஒரு வரி: அதுல வர்ற அஃப்ளாடாக்ஸின்ங்கிற பூசண நஞ்சு பால்ல இறங்கும், காய்ச்சினாலும் போகாது.

நல்ல கொழுப்பு வேணும்னா அகத்தி, வேலிமசால், வரப்புப் புல்லு போதும், பச்சையிலயே லினோலெனிக் அமிலம்னு ஒரு கொழுப்பு இருக்கு, மேயுற ஆட்டுப்பால்ல சிஎல்ஏ தானா கூடும்.

வயிறு உப்புசத்துக்கு எண்ணெய் குடுக்கிறது வேற விஷயம், நுரை உடையறதுக்கு 50 மில்லி குடுக்கலாம். தலைய அண்ணாந்து புடிச்சு கடகடன்னு மட்டும் ஊத்தாதீங்க, நுரையீரலுக்குப் போயிடும், அந்த மாதிரி வந்த ஆட்டுல பாதி பிழைக்கல எங்கிட்ட.

அக்கா ஆடு பிழைச்சிடுச்சு. எண்ணெய்ய நிறுத்தி, தவிட்டையும் நிறுத்தி, வெறும் தழையும் காய்ஞ்ச உளுத்தங்கொடியும் மட்டும் வைக்கச் சொன்னேன், அஞ்சாவது நாள் அசை போட ஆரம்பிச்சுதாம், பால் வாடை போக இன்னும் ஒரு வாரம் ஆச்சு. பேரன் இப்பவும் முதல்ல மோந்து பாத்துட்டுதான் குடிக்கிறானாம்.