மாவுக்கட்டுக்குள் கால் சூம்புவது எப்படி?

மீன்பிடித் தடைக்காலத்தில் காசிமேட்டு விசைப்படகுகள் 61 நாள் கரையில் நிற்கும். அந்த நாட்களில் எஞ்சினைப் பிரித்துப் பார்ப்பார்கள், பெயின்ட் அடிப்பார்கள், பலகையை யாரும் பிடுங்க மாட்டார்கள். நம் தசை அப்படியில்லை. வேலையில்லை என்று தெரிந்ததும் தன் பலகையைத் தானே கழற்ற ஆரம்பித்துவிடும். வியாசர்பாடியில் பந்தாடி காலை உடைத்துக்கொண்டவருக்கு ஆறு வாரத்தில் எலும்பு கூடிவிடுகிறது, தொடை மட்டும் சூம்பிக் கிடக்கிறது.

ஆரோக்கியமான இளைஞர்களின் ஒரு காலுக்கு மட்டும் கட்டுப் போட்டு நெதர்லாந்தில் அளந்திருக்கிறார்கள். 5 நாளில் முன்தொடைத் தசையின் குறுக்குப் பரப்பு சுமார் 3.5 சதவீதம் குறைந்தது, பலம் 9 சதவீதம். 14 நாளில் பரப்பு 8 சதவீதத்துக்குச் சற்று மேல், பலம் ஏறக்குறைய 23. சதை குறைவதை விடப் பலம் வேகமாகப் போவதற்கு ஒரு காரணம், தசையை முழுசாக இயக்கும் பழக்கத்தை நரம்பும் இழப்பதுதான்.

செல்லுக்குள் நடப்பது இது. தசை இழுபடும்போதும் இன்சுலின் வகை ஹார்மோன்கள் வரும்போதும் 'ஏகேடி' என்ற புரதம் விழித்திருக்கும். அது 'எம்டார்' என்ற புரதம் வழியாகப் புதுப் புரதம் கட்டச் சொல்லும், 'ஃபாக்ஸ்ஓ' என்ற இன்னொரு புரதத்தை உட்கருவுக்குள் நுழைய விடாமல் வெளியே நிறுத்தி வைக்கும். இழுவிசை நின்றால் ஏகேடி தளர்கிறது, ஃபாக்ஸ்ஓ உள்ளே போய் இரண்டு மரபணுக்களைத் தட்டி எழுப்புகிறது: 'மர்ஃப்1', 'அட்ரோஜின்1'. இரண்டையும் 2001-இல் அடையாளம் கண்டார்கள். இந்த மரபணுக்கள் தருபவை, இடிக்க வேண்டிய புரதத்தின் மேல் 'யுபிக்விட்டின்' என்ற சீட்டை ஒட்டும் நொதிகள். சீட்டு ஒட்டியதை 'புரோட்டியசோம்' என்ற பீப்பாய் உள்ளே இழுத்துத் துண்டுதுண்டாக்கிவிடும். மர்ஃப்1 தசையைச் சுருங்க வைக்கும் மயோசின் இழைகளைக் குறிவைக்கும். அட்ரோஜின்1 புரதம் கட்டும் எந்திரத்திலேயே கை வைக்கும். இறுக்கிப் பின்னிய இழையைப் பீப்பாயால் நேரடியாக விழுங்க முடியாது, அதனால் கால்பெய்ன் போன்ற நொதிகள் முதலில் வெட்டிக் கொடுக்கின்றன.

எலிகளில் இந்த இடிப்பு மிக வேகம். மனிதரில், கட்டுப் போட்ட காலில், பெரும் இழப்பு புதுப் புரதம் கட்டுவது குறைந்துபோவதால்தான். புரதம் சாப்பிட்டாலும் அசையாத தசை வழக்கத்தை விடக் குறைவாகவே எடுத்துக்கொள்ளும். இதை மறந்துவிட்டுப் புரதப் பொடி டப்பாவை மட்டும் நம்புகிறவர்கள் ஏமாறுகிறார்கள்.

கட்டின் கோணமும் முக்கியம். சுருங்கிய நிலையில் கட்டப்பட்ட தசை கூடுதலாகக் கரையும், நீளமும் குறையும். பாதம் கீழ்நோக்கித் தொங்கியபடி கட்டினால் கெண்டைச்சதைக்கு இந்தக் கதிதான். அதனால்தான் பெரும்பாலும் பாதத்தைக் காலுக்குச் செங்குத்தாக வைத்துக் கட்டுகிறார்கள். குதிநாண் அறுந்தவருக்கு மட்டும் வேறு வழியில்லை, சில வாரம் கீழ்நோக்கித்தான் கட்டியாக வேண்டும்.

எலும்பு மருத்துவர் சரி என்றால், கட்டுக்குள்ளேயே முன்தொடையை இறுக்கி 5 முதல் 10 நொடி பிடித்து விடலாம். பத்து முறை ஒரு சுற்று, நாளுக்கு நாலைந்து சுற்று. தானாக இறுக்க முடியாதவருக்கு மின்தூண்டல் கருவி உதவும்.

காய்ச்சல்காரருக்குக் கொடுப்பது போலக் கட்டுப் போட்டவருக்கும் கஞ்சியும் ரசமும் மட்டும் ஊற்றுவது தப்பு. உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.6 கிராம் புரதம் வேண்டும், 60 கிலோ ஆளுக்கு 72 முதல் 96 கிராம். இரண்டு இட்லியில் 4 கிராம் வந்தால் அதிகம். ஒரு முட்டையில் 6, நூறு கிராம் மீனில் சுமார் 20. சிறுநீரகக் கோளாறு உள்ளவர் டாக்டரைக் கேட்காமல் கூட்டக் கூடாது.

கட்டுக்குள் வலி ஏறிக்கொண்டே போனாலோ, விரல் மரத்து நீலம் பூத்தாலோ, அது சதை சூம்பும் விஷயம் இல்லை, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கெண்டைக்கால் திடீரென வீங்கி வலித்தாலும் அப்படித்தான், ரத்தம் உறைந்திருக்கலாம்.

கட்டுப் பிரித்ததும் முழங்கால் சில்லுக்கு 10 சென்டிமீட்டர் மேலே இரு தொடைகளையும் டேப்பால் சுற்றி அளந்து குறித்துவைக்க வேண்டும். வீக்கமும் கொழுப்பும் இழப்பை மறைத்துக் காட்டும் என்பதால், அந்த எண்ணோடு ஒற்றைக்காலில் நாற்காலியிலிருந்து எழ முடிகிறதா என்பதையும் சேர்த்தே பார்க்கிறார்கள்.