ஃபவுண்டேஷன் டிரஸ்ட்: அறக்கட்டளையா, பொறுப்புக் கழகமா?

இங்கிலாந்தின் பொது மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். மருத்துவமனைகள் பலவற்றின் பெயரில் வரும் 'ஃபவுண்டேஷன் டிரஸ்ட்' என்பதை 'அறக்கட்டளை' என்று எழுதினால் பொருள் திரிந்துவிடும். கட்டளை என்பது கோயில் வழக்கில் ஊன்றிய சொல். உச்சிக்காலப் பூசைக்கோ அன்னதானத்துக்கோ ஒருவர் நிலத்தை எழுதிவைத்து, அதன் வருவாய் இன்னதற்கே செலவாக வேண்டும் என்று விதித்துச் செல்வதே கட்டளை. ஃபவுண்டேஷன் டிரஸ்டுக்கு அப்படி விதித்துச் சென்ற கொடையாளர் எவருமில்லை. பெரும்பாலும் வரிப்பணத்தில் நடக்கும் அது, சட்டப்படி ஒரு பொதுநலக் கழகம்.

'டிரஸ்ட்' என்பதன் வேர் நம்பிக்கை, துணை என்று பொருள்படும் பழைய நார்ஸ் சொல். பிறர் நலனுக்காக ஒன்றைப் பொறுப்பேற்று நடத்துவது என்ற சட்டப்பொருள் அதிலிருந்து வளர்ந்தது. இந்தப் பொருளுக்கு வட சென்னையில் தமிழ்ச்சொல் ஏற்கெனவே உண்டு. இராயபுரத்திலும் காசிமேட்டிலும் இன்றும் 'போர்ட் டிரஸ்ட்' என்றே வழங்கும் நிறுவனத்தின் தமிழ்ப் பெயர், 2021-ஆம் ஆண்டுச் சட்டம் அதை ஆணையமாக்கும் வரை, 'சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகம்'. அதைத் துறைமுக அறக்கட்டளை என்று சொல்வது வழக்கமில்லை.

மருத்துவமனைகளை நடத்தும் என்.எச்.எஸ். டிரஸ்டுகள் 1990-ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிறந்தவை. அவற்றுக்குக் கூடுதல் தன்னாட்சி தரும் 'ஃபவுண்டேஷன்' தகுதியை 2003-ஆம் ஆண்டுச் சட்டம் உருவாக்க, முதல் பத்து அமைப்புகள் 2004 ஏப்ரலில் அதைப் பெற்றன. வட்டார மக்களும் ஊழியர்களும் இவற்றில் உறுப்பினராகலாம். அவர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுப்பவர்களும், உள்ளாட்சி போன்ற அமைப்புகள் நியமிப்பவர்களும் சேர்ந்த அவைக்குக் 'கவுன்சில் ஆஃப் கவர்னர்ஸ்' என்று பெயர். இங்கே 'ஆளுநர்' என்று எழுதினால் நம் வாசகருக்கு மாநில ஆளுநர்தான் நினைவுக்கு வருவார் என்பதால் 'மேற்பார்வை அவை' என்பதே தெளிவு. மருத்துவமனையை நடத்துவது இந்த அவையன்று, இயக்குநர் குழு. ஆனால் அக்குழுவின் தலைவரையும் நிர்வாகப் பதவி வகிக்காத இயக்குநர்களையும் நியமிக்கவும் நீக்கவும், தணிக்கையாளரை அமர்த்தவும் அவைக்கு அதிகாரம் உண்டு. குழுவின் செயல்பாட்டுக்கு அந்த இயக்குநர்களிடம் பதில் கேட்பதை 2012-ஆம் ஆண்டுச் சட்டம் அவையின் கடமையாகவே ஆக்கியது.

ஒப்பிட்டால், சென்னை ஸ்டான்லி மருத்துவமனை மாநில அரசுத் துறையின் நேரடி நிர்வாகத்தில் டீன் தலைமையில் நடப்பது. அரசு மருத்துவமனைகளில் நோயாளர் நலச் சங்கங்கள் இருந்தாலும் அவற்றின் உறுப்பினர்களை மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுப்பதில்லை.

தேர்தல் இருப்பதாலேயே கண்காணிப்பு நடந்துவிடுவதுமில்லை. 2008-இல் ஃபவுண்டேஷன் தகுதி பெற்ற மிட் ஸ்டாஃபர்ட்ஷயர் டிரஸ்டில் நோயாளிகள் கொடிய புறக்கணிப்புக்கு ஆளாகியிருந்தார்கள்; நிதி இலக்குகளும் அந்தத் தகுதியைப் பெறும் முனைப்பும் நோயாளிகளின் பராமரிப்பை முந்திவிட்டன என்று ராபர்ட் ஃபிரான்சிஸ் தலைமையிலான விசாரணை 2013-இல் அறிக்கை தந்தது. மேற்பார்வை அவை உள்ளிருந்து கேட்பது போக, வெளியிலிருந்து பராமரிப்பின் தரத்தை ஆய்வு செய்யத் தனி ஆணையமும், உரிமத்தையும் நிதிநிலையையும் கவனிக்க, முன்பு 'மானிட்டர்' என்ற ஒழுங்குமுறை அமைப்பு செய்த பணியை 2022 முதல் செய்துவரும் என்.எச்.எஸ். இங்கிலாந்து அமைப்பும் உள்ளன.

இப்படிப் பதில் சொல்லும் கடமைக்கு ஈழத்தமிழில் வழங்கும் 'பொறுப்புக்கூறல்', நாம் எழுதும் 'பொறுப்புடைமை'யைவிடப் பொருத்தமானது, ஏனெனில் கூறுதல் என்ற வினை அதிலேயே இருக்கிறது. 'ஃபவுண்டேஷன்' என்பதை அடித்தளம் என்று பெயர்ப்பதில் பயனில்லை. அது குறிப்பது தன்னாட்சித் தகுதியையே. ஆகவே முழுத் தொடருக்கும் 'தன்னாட்சி மருத்துவப் பொறுப்புக் கழகம்' என்று எழுதலாம்.