எலிப்டிக்கல்: மோதல் இல்லாத ஓட்டம்

ஓடும்போது ஒவ்வொரு அடிக்கும் நடுவே ஒரு கணம் இரண்டு கால்களும் அந்தரத்தில் இருக்கின்றன. அடுத்த கணமே மொத்த உடம்பும் ஒற்றைக் காலில் வந்து இறங்குகிறது. அப்போது கால் தாங்கும் விசை உடல் எடையைப் போல் 2 முதல் 3 மடங்கு. 70 கிலோ எடை உள்ளவர் என்றால் 140 கிலோவுக்குக் குறையாது. முழங்கால் தேய்ந்தவர்களுக்கு டிரெட்மில் ஒத்துக்கொள்ளாமல் போவது இதனால்தான்.

மோதலை எடுத்துவிட்டு ஓட்டத்தை மட்டும் வைத்துக்கொள்ள முடியுமா? நின்றபடியே இரண்டு மிதிகட்டைகளை மிதித்து ஓடும் எலிப்டிக்கல் என்ற உடற்பயிற்சிக் கருவி அதற்காகப் பிறந்ததுதான். 1980களில் அமெரிக்கப் பொறியாளர் லாரி மில்லர், தன் மகள் ஓடுவதைக் கூடவே காரில் போய்ப் படம் பிடித்து, அவள் பாதம் காற்றில் போடும் கோட்டை ஆராய்ந்தார் என்று பரவலாகச் சொல்வார்கள். அந்தக் கோடு ஏறக்குறைய ஒரு நீள்வட்டம். அவருடைய வடிவமைப்பைக் கொண்டு பிரிகார் நிறுவனம் 1995இல் இஎஃப்எக்ஸ் என்ற கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

வட்டமாக மட்டுமே சுற்றத் தெரிந்த சக்கரத்திலிருந்து நீள்வட்டம் எப்படி வருகிறது? எனக்கு இந்தக் கருவியில் மிகவும் பிடித்த இடம் இதுதான். மிதிகட்டை ஒரு நீண்ட தண்டின் நடுவில் இருக்கிறது. தண்டின் பின்முனை கிராங்கோடு, அதாவது சக்கரத்தின் அச்சைச் சுற்றும் கையோடு, சேர்ந்து வட்டமடிக்கிறது. முன்முனையில் உள்ள சிறு உருளை ஒரு தடத்தில் முன்னும் பின்னும் மட்டும் ஓடுகிறது. ஒரு முனையில் வட்டம், மறுமுனையில் நேர்கோடு. நடுவில் நிற்கும் பாதத்துக்கு இரண்டும் கலந்து கிடைக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கிராங்கின் நீளம் 20 செ.மீ. என்றால் பின்முனை 40 செ.மீ. அகலமும் 40 செ.மீ. உயரமும் உள்ள வட்டத்தில் சுற்றும். தண்டின் சரிபாதியில் இருக்கும் பாதமும் கிட்டத்தட்ட 40 செ.மீ. முன்னும் பின்னும் போய்வரும். ஆனால் மேலும் கீழும் 20 செ.மீ.தான் நகரும். மிதிகட்டையை உருளைப் பக்கம் தள்ளி வைத்தால் நீள்வட்டம் இன்னும் தட்டையாகும். தடத்தின் சாய்வைக் கூட்டினால் நீள்வட்டமும் சாய்ந்து, மேடேறுவது போல ஆகிவிடும். வடிவியல் கண்டிப்போடு பார்த்தால் இது சுத்தமான நீள்வட்டம் இல்லை, கொஞ்சம் முட்டை வடிவம். நீராவி ரயில் எஞ்சினில் பிஸ்டனையும் சக்கரத்தையும் இணைக்கும் தண்டின் நடுப்பகுதியும் இதே கோட்டைத்தான் போடுகிறது.

மிதிக்கும்போது தெரியும் கனம் பெரும்பாலும் காந்தத்தின் வேலை. கிராங்க் சுழற்றும் ஃப்ளைவீல் என்ற கனமான உலோகச் சக்கரத்தின் விளிம்பை ஒட்டி, அதைத் தொடாமல் ஒரு காந்தம் இருக்கும். காந்தப் புலத்துக்குள் உலோகம் ஓடும்போது அதற்குள் சுழல் மின்னோட்டம் பிறந்து, ஓட்டத்தையே எதிர்க்கிறது. 1855இல் பிரான்ஸின் இயற்பியலாளர் ஃபூக்கோ கண்டுபிடித்த விளைவு இது. பொத்தானை அழுத்தினால் காந்தம் இன்னும் நெருங்கி வரும், அவ்வளவுதான். உரசல் இல்லாததால் தேய்மானமும் இல்லை, சத்தமும் குறைவு. நாம் செலவழிக்கும் சக்தி ஃப்ளைவீலில் வெப்பமாகிறது.

மூட்டுக்கு இது பெரிய ஆறுதல். ஆனால் எலும்பு உறுதிப்பட ஓரளவு அதிர்ச்சியும் தேவை. ஓடுவதில் கிடைக்கும் அந்த அதிர்ச்சி எலிப்டிக்கலில் மிகக் குறைவு. மூட்டு நன்றாக இருப்பவர்கள் இதை மட்டுமே நம்பாமல் நடையையோ ஓட்டத்தையோ சேர்த்துக்கொள்வது நல்லது.