பட்டாம்பூச்சி எதற்காக உட்காருகிறது?

சித்திரை மாதத்துக் காலை, மணி ஆறரை. மேட்டுப்பாளையம் தாண்டிக் கல்லாறு பக்கம் ஓர் ஓடைக்கரை. எருக்கஞ்செடி இலைமேல் வெந்தய வரியன் என்ற பட்டாம்பூச்சி ஒன்று இறக்கையை முழுக்க விரித்து உட்கார்ந்திருந்தது. ஒரு சாண் தூரம்வரை கேமராவைக் கொண்டுபோனேன், அசையவே இல்லை. எட்டரை மணிக்கு அதே இடத்துக்குத் திரும்பி வந்தால், அங்கிருந்த வரியன்கள் நான் நாலு எட்டு தள்ளி வரும்போதே எழுந்து பறந்துவிட்டன. இடையில் மாறியது என்ன? அவற்றின் உடம்புச் சூடு.

நம்மைப்போல உள்ளிருந்தே உடம்பை ஒரே சூட்டில் வைத்துக்கொள்ளும் ஏற்பாடு பட்டாம்பூச்சிக்குக் கிடையாது. இறக்கையை அடிக்கும் தசைகள் மார்புக்குள் இருக்கின்றன. அங்கே வெப்பம் ஏறத்தாழ 30 டிகிரி செல்சியஸைத் தொட்டால்தான் பல இனங்கள் நன்றாகப் பறக்கும். அதனால் விடிந்ததும் முதல் வேலை வெயில் காய்வது. இதில் உடம்பை ஒட்டிய இறக்கையின் அடிப்பகுதிதான் பெரிதும் உதவுகிறது. மெல்லிய நுனிப்பகுதியில் விழும் சூடு மார்புவரை அதிகம் வந்து சேர்வதில்லை. புல்வெளியில் திரியும் சிறிய மஞ்சள் பட்டாம்பூச்சிகள் இறக்கையை மூடியபடியே ஒருபக்கமாகச் சாய்ந்து வெயில் வாங்கும். உச்சிவெயிலில் எல்லாம் தலைகீழ்: மூடிய இறக்கையின் விளிம்பைச் சூரியனுக்கு நேராகத் திருப்பி, தன்மேல் விழும் வெயிலைக் குறைத்துக்கொள்ளும்.

சமவெளியில் சித்திரை விடியலே வெதுவெதுப்பானது என்பதால் இந்தக் காயும் நேரம் எட்டு மணிக்குள் முடிந்துவிடும். கொடைக்கானல், ஊட்டி போன்ற குளிர்ந்த இடங்களில் இன்னும் நீளும். சிலர் பூச்சியைப் பிடித்து ஃபிரிட்ஜில் வைத்து, மரத்துப்போன பிறகு பூவின்மேல் வைத்துப் படமெடுக்கிறார்கள். இதை என்னால் ஏற்க முடியாது. உயிரை வதைப்பது ஒருபுறம். அந்தப் படத்தில் பூச்சி உட்கார்ந்திருக்கும் விதமே பொய்.

சூடேறிய பட்டாம்பூச்சியையும் நெருங்கலாம். அதற்கு அதன் கண்ணை அறிய வேண்டும். ஆயிரக்கணக்கான சிறு கண்ணறைகள் சேர்ந்த கூட்டுக்கண் அது. நுணுக்கமான உருவம் அதற்குத் தெரியாது. ஆனால் ஏறக்குறையச் சுற்றிலும் பார்க்கும், அசைவைச் சட்டென்று பிடிக்கும். பக்கவாட்டில் கை நகர்ந்தால், அந்த உருவம் ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்கு வரிசையாகத் தாவும். நேர்க்கோட்டில் மெதுவாக நெருங்கினால் உருவம் இருந்த இடத்திலேயே கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகும். ஆகவே தூரத்திலேயே குனிந்து, கேமராவை முகத்தோடு வைத்துக்கொண்டு நேராகப் போங்கள். உங்கள் நிழல் அதன்மேல் விழக் கூடாது. விழுந்தால் அசைவும் தெரிந்துவிடும், அது காய்ந்துகொண்டிருக்கும் வெயிலும் மறைந்துவிடும். பச்சைச் சட்டை போட்டுக்கொண்டால் போதும் என்ற நம்பிக்கை எனக்கில்லை. காமன் புளூபாட்டில் என்ற இனத்தின் கண்ணில் 15 வகை ஒளியுணர் செல்கள் இருப்பதை 2016இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. நிறம் பார்க்க நமக்கு இருப்பவை மூன்றே வகை. நம் கண்ணுக்கு இலையோடு கலந்துவிடும் சட்டை அதன் கண்ணுக்கு எப்படியிருக்குமோ! நிதானத்தைத்தான் நம்பலாம்.

நெருங்கியாயிற்று. இப்போது லென்ஸ் தகராறு செய்யும். பொருளின் உண்மையான அளவிலேயே சென்சாரில் (படம் பதியும் தகடு) உருவம் விழும்படி, சிறியவற்றை நெருங்கி எடுக்கும் மேக்ரோ லென்ஸை வைத்தால், பெரிய சென்சார் கொண்ட ஃபுல் ஃபிரேம் கேமராவில், எஃப் 8 அபெர்ச்சரில் (லென்ஸின் ஒளித்துளை அளவு), தெளிவாக விழும் ஆழம் சுமார் 1 மில்லிமீட்டர்தான். உருவத்தைப் பாதி அளவுக்குக் குறைத்தால் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் கிடைக்கும். அபெர்ச்சரை எஃப் 32 வரை சுருக்கினால் (எண் கூடினால் துளை சிறுக்கும்) ஆழம் கூடும். ஆனால் சிறிய துளையின் வழியே வரும் ஒளி விளிம்பில் வளைந்து பரவுவதால் படம் முழுவதும் மங்கும். தப்பிக்க எளிய வழி ஒன்று உண்டு: மூடிய இறக்கை ஒரு தாளைப்போலத் தட்டையானது, அதற்கு இணையாகச் சென்சாரை நிறுத்திவிட்டால் அந்த 1 மில்லிமீட்டருக்குள் முழு இறக்கையும் அடங்கிவிடும். சென்சார் சிறியதாக இருப்பதால் கைப்பேசியில் இந்தத் தொல்லை குறைவு. என் நல்ல படங்களில் பல கைப்பேசியில் எடுத்தவைதான்.

பறக்கும்போது எடுப்பதற்குக் கணக்கே வேறு. இறக்கை நொடிக்குப் பத்து முறை அடிப்பதாகவும் அதன் நீளம் 4 சென்டிமீட்டர் என்றும் வைத்துக்கொள்வோம். நுனி நொடிக்கு ஒன்றரை மீட்டருக்கு மேல் நகரும். ஷட்டர் 1/250 நொடி திறந்திருந்தால் நுனி 6 மில்லிமீட்டர் இழுபடும், 1/2000 நொடி என்றால் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு.

நிறத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பட்டாம்பூச்சி இறக்கையின் பல நீலங்கள் சாயத்தால் வருவதில்லை. இறக்கையை ஓடு வேய்ந்ததுபோல மூடியிருக்கும் செதில்களின் நுண்ணிய அமைப்பில் ஒளி பட்டுத் திரும்பும்போது பிறப்பவை. கிரேட் எக்ஃப்ளை என்ற இனத்து ஆணின் கறுத்த இறக்கையில் வெள்ளைப் பொட்டைச் சுற்றி ஊதா வளையம் இருக்கும். சில கோணங்களில் மட்டுமே அது மின்னும். நின்ற இடத்தில் தெரியாவிட்டால் அரை அடி நகர்ந்து பாருங்கள்.

கல்லாறு ஓடைக்கே வருகிறேன். பத்து மணிக்கு மேல், பறப்பவற்றைத் துரத்தி அலுத்துப்போன வேளையில், ஈர மணலில் முப்பது நாற்பது பட்டாம்பூச்சிகள் கூட்டமாக இறங்கியிருந்தன. நெருங்கினாலும் எழவில்லை. அவை மணலிலிருந்து உறிஞ்சிக்கொண்டிருந்தது உப்பு, அதாவது சோடியம். இலையிலும் தேனிலும் அது மிகக் குறைவு. இப்படி மொய்ப்பவை பெரும்பாலும் ஆண்கள். சேர்க்கையின்போது விந்துப் பொதியோடு அந்தச் சோடியமும் பெண்ணுக்குப் போகிறது, முட்டைகளுக்கும் போய்ச் சேர்கிறது. 2019இல் தமிழ்நாட்டின் மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவிக்கப்பட்ட தமிழ் மறவனையும் மலையோரத்து ஈர மண்ணில் இப்படிப் பார்க்கலாம்.

மாட்டைத் தண்ணீருக்கு ஓட்டி வந்த பெரியவர் ஒருவர், நான் மணலில் படுத்திருப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"உப்புக்கு வருதுங்க தம்பி. மாட்டு மூத்திரம் நனைஞ்ச இடத்துலயும் இப்படித்தான் மொய்க்கும்."

சொல்லிவிட்டுப் பாறைமேல் உட்கார்ந்து துண்டால் கழுத்தைத் துடைத்தார். துண்டைப் பக்கத்தில் போட்டதும் சின்ன நீலப் பட்டாம்பூச்சி ஒன்று அதன்மேல் இறங்கியது. சற்று நேரத்தில் அங்கிருந்து அவர் மணிக்கட்டுக்குத் தாவியது. சுருட்டி வைத்திருந்த உறிஞ்சுகுழல் விரிந்து, வியர்வை மினுங்கும் தோலைத் தடவியது. பெரியவர் மூச்சை அடக்கிக்கொண்டு கையை என் பக்கமாக மெல்லத் திருப்பினார். மூடிய இறக்கை லென்ஸுக்கு இணையாக வந்து நின்றது.